சேலத்தில் ஐப்பசியில் பூண்டு போட்டால் பல் பிரியுமா?

கன்னங்குறிச்சி பின்கட்டு:

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 4 அடி ஒரு பாத்தி வைத்திருக்கிறேன், காலை எட்டு மணியில் இருந்து நாலு மணி வரை நல்ல வெயில் விழும். போன வருடம் ஐப்பசி முதல் வாரத்தில் மளிகைக் கடையில் வாங்கிய பூண்டையே பல் பல்லாக உடைத்து ஊன்றினேன். ஒரு வாரத்துக்குள் முளை வந்துவிட்டது, காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் போய்ப் பார்ப்பதுதான். நடுவில் நாலு நாள் விடாத மழை. பாதிக்கு மேல் அழுகிவிட்டது, தோண்டி எடுத்தால் பல் கூழாகி விரலில் ஒட்டியது, அந்த நாற்றம் சோப்புப் போட்டும் போகவில்லை. தப்பித்த செடிகள் நன்றாகத்தான் வளர்ந்தன, தாள் ஒரு அடிக்கு மேல் உயரம். மாசிக் கடைசியில் தாள் மஞ்சளாகிறதே என்று ஆசையாகப் பிடுங்கினால் அடியில் சின்ன வெங்காயம் அளவுக்கு ஒரே ஒரு உருண்டை. தோலை உரித்துப் பார்த்தேன், உள்ளே பல்லே பிரியவில்லை. சில செடிகளில் அந்த உருண்டைகூட இல்லை, வெறும் தண்டுதான்.

வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் இலையுதிர் காலத்தில் நடுகிறார்கள், செடிமேல் பனி மூடிக் கிடக்கிறது, அடுத்த கோடையில் கை நிறையப் பூண்டு எடுக்கிறார்கள். அவர்களுடைய அக்டோபர் நம் ஐப்பசிதானே என்று நினைத்துத்தான் போட்டேன். எங்கே தவறு செய்தேன்? விதையா, மாதமா, மண்ணா? என் கொழுந்தனார் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறார், அங்கே கொஞ்சம் இடம் தருகிறேன் என்கிறார். அங்கே போட்டால் வருமா, இல்லை இங்கேயே வர வழி உண்டா? வீட்டில் வாரம் ஒரு நாள் தட்டுவடை செட் செய்வோம், அதற்கு அரைக்கிற பூண்டுச் சட்னி ஒரு முறையாவது நம் பாத்திப் பூண்டில் அரைக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை.


மஞ்சக்குட்டை மேட்டுக்காடு:

அக்கா, கொழுந்தனார் இடம் தருகிறார் என்றால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டையில் ஏழு வருடமாக வீட்டுத் தேவைக்குப் போடுகிறேன். மலையில் இரண்டு தடவை போடலாம், ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மழை குறைகிற நேரத்தில் செடி நிலைத்துவிடும், மார்கழி தையில் ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும், அந்தக் குளிரைத் தின்றுதான் பூண்டு திரளும். பிறகு மாசி வெயிலில் முற்றும்.

ஒன்று சொல்கிறேன், காபிச் செடிக்கு நடுவிலோ சில்வர் ஓக் நிழலிலோ இடம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காபிக்கு நிழல் வேண்டும், பூண்டுக்கு ஆகாது. முதல் வருடம் நான் மிளகுக் கொடி ஓரத்தில் போட்டுத் தாள் மட்டும்தான் அறுத்தேன். வெட்டவெளியாக, தண்ணீர் வழிந்து ஓடுகிற சரிவாக இருக்க வேண்டும்.

பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். நன்றாக மட்கிய சாண எரு மட்டும் போடுங்கள், பச்சைச் சாணம் போட்டால் புழு வந்து வேரைத் தின்றுவிடும். முழுப்பூண்டை நடுகிற அன்றைக்குத்தான் உடைக்க வேண்டும், நாலு நாள் முன்னாலேயே உடைத்து வைத்தால் அடி காய்ந்து வேர் விடத் தாமதமாகும். வெளிச்சுற்றில் இருக்கிற கொழுத்த பல்லை மட்டும் எடுங்கள், நடுவில் இருக்கிற ஒல்லிப் பல் குழம்புக்கு. தோலை உரிக்கக் கூடாது. தட்டையாக, தழும்பு மாதிரி இருக்கிற பக்கம்தான் வேர் விடும், அது கீழே. கூர் மேலே. சுட்டுவிரலை இரண்டாவது ரேகை வரைக்கும் மண்ணில் விட்டு எடுத்தால் வருகிற குழிதான் அளவு. வரிசைக்கு வரிசை 15 செ.மீ, பல்லுக்குப் பல் 10 செ.மீ. உங்கள் பாத்தி அளவுக்கு 240 பல் பிடிக்கும், பொறுக்கி எடுத்தாலும் ஒரு கிலோ பூண்டு போதும்.

பனிமூட்டம் தொடர்ந்து நாலைந்து நாள் நின்றால் தாளில் ஊதா நிறத்தில் புள்ளி விழும். அந்தத் தாளை உடனே கிள்ளி வெளியே போட்டுவிடுங்கள், பாத்தி ஓரத்திலேயே போடாதீர்கள்.


மொட்டைமாடி சூரமங்கலம்:

மலை இல்லாதவர்களும் இருக்கிறோமே, அதனால் மாடியில் செய்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு வந்த அதே உருண்டைதான் எனக்கும் இரண்டு வருடம் வந்தது. தவறு உங்கள் கையில் இல்லை, குளிரில் இருக்கிறது. பூண்டு பல்லாகப் பிரிய வேண்டும் என்றால் விதைப் பல்லோ இளஞ்செடியோ சில வாரமாவது குளிரில் இருந்திருக்க வேண்டும். அந்த வீடியோக்காரர்கள் அக்டோபரில் நடுவது, அடுத்து வருகிற பனிக்காலம் முழுக்க அது மண்ணுக்குள் குளிரட்டும் என்றுதான். நம் ஊரில் மார்கழி ராத்திரியே 18, 19 டிகிரி. செடிக்கு அது குளிரே இல்லை, அதனால் பிரியத் தெரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடுகிறது.

நான் அந்தக் குளிரை ஃபிரிட்ஜில் கொடுத்தேன். புரட்டாசியில் முழுப்பூண்டாகவே, உடைக்காமல், காகிதப் பையில் போட்டுக் காய்கறி ட்ரேயில் ஆறு வாரம் வைத்தேன். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஃப்ரீசர் கூடவே கூடாது. வெளியே எடுத்த அன்றைக்கே நட்டுவிட வேண்டும், சமையலறை மேடையில் ஒரு வாரம் கிடந்தால் அந்தச் சூட்டில் வாங்கிய குளிர் வீணாகிவிடும். அதிக நாளும் வைக்கக் கூடாது, ஒரு தடவை மூன்று மாதம் மறந்து வைத்துவிட்டேன், நட்டதும் பக்கத்தில் பக்கத்தில் முளை கிளம்பிப் புல் கற்றை மாதிரி ஆகிவிட்டது.

போன வருடம் தீபாவளி கழித்து 40 பல் நட்டேன், 31 தேறியது. கடைப்பூண்டை விடச் சிறியதுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஆறேழு பல். முதலாவதை வெறும் கையால் உடைத்தபோது வந்த அந்தச் சத்தம் இருக்கிறதே! என் மகளைக் கூப்பிட்டு அவளையும் ஒன்று உடைக்கச் சொன்னேன்.


பழைய தோட்டக்கலைக்காரன்:

முன்னால் எழுதிய இருவரும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். விதையைப் பற்றி யாரும் பேசவில்லை, பாதிப் பேர் தோற்பது அங்கேதான். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூண்டு குளிரை மட்டும் பார்ப்பதில்லை, பகல் எவ்வளவு நீளம் என்பதையும் பார்க்கிறது. காஷ்மீர், இமாச்சலப் பக்கம் விளைகிற பெரிய பல் ரகங்களுக்கு 13, 14 மணி நேரப் பகல் வேண்டும். சேலத்தில் டிசம்பரில் பகல் சுமார் 11.30 மணி நேரம், ஜூனில்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. ஆகவே ‘ஜம்போ பூண்டு’ என்று ஆசைப்பட்டு அந்த விதையை வாங்கினால் ஃபிரிட்ஜில் எவ்வளவு வைத்தாலும் இங்கே திரளாது. மஞ்சக்குட்டைத் தம்பிக்கு ஊட்டி 1 மாதிரி நம் மலைக்கு வந்த ரகங்கள் சரி. கொடைக்கானல் மலைப்பூண்டும் மலைக்குத்தான், 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லோரும் அதைத் தேடி வாங்கிச் சமவெளியில் ஊன்றுகிறார்கள், தாள்தான் வரும். அதன் காரமும் மணமும் அந்த மண்ணும் குளிரும் சேர்ந்து கொடுப்பது.

சேலத்துக்குள் போடுவதென்றால் குறுகிய பகலில் திரளக்கூடிய சமவெளி ரகம் வேண்டும். அக்ரிஃபவுண்ட் வொயிட், யமுனா சஃபேத் போன்றவை அப்படிப்பட்டவை. மத்தியப் பிரதேசம், குஜராத், ராஜஸ்தான் பக்கம் அக்டோபர், நவம்பரில் நட்டு மார்ச் வாக்கில் எடுக்கிறார்கள். லீ பஜாரில் மூட்டையாக வருகிற வெள்ளைப் பூண்டு பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சரக்குதான், அதனால் கடைப்பூண்டு என்று ஒதுக்க வேண்டாம். அங்கே ஜனவரி இரவு 10 டிகிரியை ஒட்டி இறங்கும். இங்கே இறங்காது, சூரமங்கலத்துக்காரர் ஃபிரிட்ஜில் ஈடுகட்டியிருப்பது அதைத்தான்.

அடுத்து மாதம். ஐப்பசி முதல் வாரம் நம் ஊருக்கு அவசரம், அடைமழையில் பல் அழுகும், உங்களுக்கு நடந்தது அதுவே. தள்ளிப் போட்டுக்கொண்டே போவதும் ஆபத்து. பயிர் 120 நாள் ஆகும், மார்கழியில் நட்டால் பங்குனி வெயிலில் திரள வேண்டி வரும், 36, 37 டிகிரியில் அது வளர்வதை நிறுத்திப் படுத்துவிடும். எனவே ஐப்பசிக் கடைசியில் இருந்து கார்த்திகை முதல் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மழை நிற்கவில்லை என்றால் பாத்தியை இன்னும் உயர்த்துங்கள், நடவைத் தள்ளாதீர்கள். நடும் முன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சைப் பொடி) கலந்து புரட்டி அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி எடுத்தால் அழுகல் நன்றாகக் குறையும். மண்ணில் வேப்பம் புண்ணாக்கும் கொஞ்சம் கலந்துவிடுங்கள்.

கன்னங்குறிச்சி என்பதால் கேட்கிறேன், உங்கள் மண் வெளுத்து, சுண்ணாம்பு கலந்த மாதிரி இருக்கிறதா? வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கிற பக்கமெல்லாம் மண்ணில் மக்னீசியம் தூக்கலாக இருக்கும். அப்படி என்றால் பாத்திக்கு இரண்டு கைப்பிடி ஜிப்சம் தூவிக் கொத்திவிடுங்கள். சுண்ணாம்புச் சத்தோடு கந்தகமும் கிடைக்கும், பூண்டின் காரமே கந்தகத்தில் இருந்து வருவதுதான்.


கன்னங்குறிச்சி பின்கட்டு:

ஐயா, அண்ணா, தம்பி, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வருடமாக என் கைராசிதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் மனம் ஆறியது.

மண் செம்மண்தான் ஐயா, ஆனால் போர் தண்ணீர் உப்பு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதைத்தான் ஊற்றினேன். தாள் நுனி எல்லாம் காய்ந்ததற்கு அதுதான் காரணமா? அப்புறம், போன வருட உருண்டைகளில் பதினொன்று இன்னும் கூடையில் இருக்கின்றன, சமைக்க மனம் வரவில்லை. அதையே நடலாமா?


பழைய தோட்டக்கலைக்காரன்:

உப்பு பூண்டுக்கு ஆகாது அம்மா, நுனி கருகல் பெரும்பாலும் அதனால்தான். இலைப்பேன் இருந்தாலும் தாள் வெளிறிச் சுருளும், அதனால் தாளின் இடுக்கை விரித்து ஒரு முறை பாருங்கள். பொடிப்பொடியாக மஞ்சள் நிறத்தில் ஓடினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி வேப்ப எண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். தண்ணீருக்கு மேட்டூர்க் குழாய் வருகிற நாளில் ஒரு டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கார்த்திகை மழையையும் பிடிக்கலாம். இந்தப் பாத்திக்கு வாரம் இரண்டு தடவை ஈரம் காட்டினால் போதும், வைக்கோல் மூடாக்குப் போட்டால் அதுவும் குறையும். எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் தண்ணீரை அடியோடு நிறுத்திவிட வேண்டும், இதை மறக்கக் கூடாது, ஈரத்தோடு எடுத்த பூண்டு தொங்கவிட்டாலும் நிற்காது.

உருண்டைகளைத் தாராளமாக நடலாம். ஒரு பல்லை விட அதில் சேமிப்பு அதிகம், குளிர் கொடுத்து நட்டால் நன்றாகவே பிரியும்.


மொட்டைமாடி சூரமங்கலம்:

அக்கா, அந்தப் பதினொன்றையும் இன்றைக்கே ஃபிரிட்ஜில் வையுங்கள், இன்று வைத்தால்தான் ஐப்பசிக் கடைசிக்கு ஆறு வாரக் கணக்கு சரியாக வரும். பையின் மேல் தேதியை எழுதிவிடுங்கள், நான் மறந்த மாதிரி ஆகக் கூடாது. வீட்டில் யாராவது எடுத்து ரசத்துக்குத் தட்டிப் போட்டுவிடாமல் ‘விதை’ என்றும் எழுதுங்கள்.

எல்லாப் பல்லையும் பூண்டுக்காகவே வளர்க்க வேண்டும் என்றும் இல்லை. பாத்தி ஓரத்தில் ஒல்லிப் பல்லை நெருக்கமாக ஊன்றிவிட்டுத் தாளை மட்டும் கிள்ளிக்கொண்டே இருக்கலாம், அதற்குக் குளிரும் வேண்டாம் மாதமும் வேண்டாம். பொடியாக நறுக்கித் தோசை மாவில் போட்டால் பிள்ளைகள் இன்னொன்று கேட்பார்கள்.


மஞ்சக்குட்டை மேட்டுக்காடு:

நாகலூருக்கு நடவுக்கு வருகிற அன்றைக்கு முன்கூட்டியே எழுதுங்கள் அக்கா. என்னிடம் விதைக்கு எடுத்து வைத்தது மூன்று கட்டு அடுப்படி மேலே தொங்குகிறது, ஒரு கட்டு தருகிறேன். ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளலாம். மலையில் அதைப் போடுங்கள், கீழே ஃபிரிட்ஜில் இருப்பதைப் போடுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் நட்டு, மாசியில் பிடுங்கியதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ போட்டால் எங்களுக்கும் தெரியும்.


கன்னங்குறிச்சி பின்கட்டு:

பை எழுதி ட்ரேயில் வைத்துவிட்டேன். பதினொன்றில் ஒன்று அமுக்கினால் மெத்தென்று இருந்தது, அதை மட்டும் எடுத்துவிட்டேன், பத்துதான். ஒரு கட்டுக்கு என்ன விலை என்று சொல்லுங்கள் தம்பி, சும்மா வாங்க மாட்டேன்.