மிஞ்சிய துணித் துண்டுகள்: தைத்ததும், தைத்துக் கெடுத்ததும்

நூல்கண்டு:
அப்பாவின் பழைய பருத்திச் சட்டையிலிருந்து பையைப் பிரித்தெடுத்து மேல்பக்கமாகவும், முதுகுத் துணியைக் கீழ்ப்பக்கமாகவும் வைத்து, சூடான பாத்திரம் இறக்க ஒரு பிடிதுணி தைத்தேன். நடுவில் கனத்துக்காகப் பழைய துப்பட்டாவின் துண்டுகளை நான்கு மடிப்பாக வைத்தேன். அது பாலியெஸ்டர் என்பது தெரியாமல் இல்லை; உள்ளே இருப்பதுதானே என்று அசட்டையாக இருந்துவிட்டேன். அடுப்பில் வெறுமனே காய்ந்துகொண்டிருந்த இரும்பு வாணலியின் காதைப் பிடித்தபோது முதலில் கருகல் நாற்றம் வந்தது. பிறகு துணி என் கையோடு வராமல் காதோடு ஒட்டிக்கொண்டு நின்றது. உருகிய இழை பருத்தியின் நெசவு வழியே கசிந்து, ஆறியதும் கறுத்த அரக்காக இறுகிவிட்டது. விரலில் பெரிய காயமில்லை. ஆனால் அப்பா பேனாவைச் செருகிச் செருகி நைந்துபோன பையின் ஓரத்தில்தான் அந்த அரக்கு படிந்திருந்தது.

ஒட்டுத்தையல்:
பாலியெஸ்டர்மீது பழி போடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பருத்தியோடு பருத்தியைச் சேர்த்தே நான் கெடுத்திருக்கிறேன். பல ஆண்டுகள் துவைத்து மென்மையாகிவிட்ட சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்தபோது, அடித்துணிக்கு மட்டும் புதுத் துணியை நனைக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். சுருங்க வேண்டியதையெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்திருந்த பழைய துணி அசையாமல் இருக்க, முதல் சலவையில் அடித்துணி மட்டும் சுருங்கி அதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. புதுப் பருத்தி நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்கக்கூடும். 2 மீட்டர் போர்வையில் அது 6 முதல் 10 சென்டிமீட்டர். கொடியில் விரித்தபோது, நேர்பார்த்துத் தைத்த கட்டங்கள் எல்லாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றன.

பழையகத்தரி:
என் கதை சிறியது. பனியன் துணிக் கீற்றுகளைப் பின்னி வட்டக் கால்மிதி தைத்தேன். அது தரையில் படியாமல் கிண்ணம்போலக் குழிந்துவிட, பேரன் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடெல்லாம் திரிந்தான்.

இனிமேல் தைப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். பனியனை உடம்பைச் சுற்றிவரும் திசையில், 2 அல்லது 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி இழுத்துவிட்டால், ஓரங்கள் தாமே சுருண்டு கயிறுபோல ஆகும், பிசிறு வராது. வட்டமாகத் தைக்கும்போது ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடக் கூடுதல் நீளம் கேட்கும். பின்னலை இழுத்துத் தைத்தால் விளிம்பு போதாமல் மேலே எழும்பும். ஆகையால் மடியில் வைத்துத் தைக்காமல் மேசைமீது தட்டையாகப் படியவைத்தே தைக்க வேண்டும். நூல்கண்டு போன்றவர்கள், எந்தத் துணி எது என்று ஐயம் வந்தால், சில இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, உலோகத் தட்டின்மேல் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

ஒட்டுத்தையல்:
கலப்புத் துணியில் இந்தச் சோதனை ஏமாற்றும், பழையகத்தரி. பருத்தியைப் போலவே எரியும். சாம்பலை விரலால் நெருடிப் பார்த்தால்தான் மணி தட்டுப்படும்.

நூல்கண்டு:
துப்பட்டா பாலியெஸ்டர் என்பது தெரியும் என்று முதலிலேயே எழுதியிருந்தேன். பழி போட்டதும் என்மீதுதான். போகட்டும். துப்பட்டாவின் மிச்சத்தைப் பொடியாக வெட்டி ஒரு திண்டுக்குள் திணித்துவிட்டேன். பெரிய துண்டுகளாகத் திணித்தால் முண்டும் முடிச்சுமாகத் திரண்டுவிடுகிறது. ஈரம் அதிகம் உறிஞ்சாத துணி என்பதால் துவைத்தாலும் விரைவில் காய்கிறது. உறைக்குச் சட்டையின் முன்பக்கத்தையே வைத்தேன். பொத்தான் வரிசை இருப்பதால் ஜிப் தேவைப்படவில்லை. பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல், கருநீலச் சதுரமாகத் தெரிகிறது.