அசல் சான்றிதழைத் திரும்ப வாங்கிய கதை

மதுரையிலிருந்து:

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகள் பணியாற்றினேன். சம்பளம் போதாமல்தான் செவிலியர்கள் விலகுகிறார்கள் என்பார்கள். நான் விலகியதற்கு இரவுப் பணிதான் காரணம். பொது வார்டுகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. எங்கள் வார்டிலோ 28 படுக்கைகளுக்கு நானும், சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண்ணும்தான்.

ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு ஆறாம் படுக்கைப் பெரியவருக்கு மூச்சுத் திணறியது. ஆக்சிஜன் வைத்து, பணி மருத்துவரை அழைத்து, அவர் வரும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். அதற்குள் பதினான்காம் படுக்கையில் டிரிப் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறிவிட்டது. "சிஸ்டர், தூங்கிட்டீங்களா?" என்று நோயாளியின் மகன் வார்டே விழிக்கும்படி கத்தினார். காலையில் என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டதை அந்தக் கடிதத்தில் எழுதினேன்; அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட அசல் சான்றிதழ்களை, ஒப்பந்தக் காலம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தும், "வேறு ஆள் கிடைக்கட்டும்" என்று மூன்று மாதம் இழுத்தடித்த பிறகே கொடுத்தார்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் குண்டூசித் துரு படிந்திருந்தது.

சவுதி அரேபியாவின் தம்மாமிலிருந்து மறுமொழி:

நான் விலகியது சம்பளத்துக்காகத்தான், சகோதரி. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்று, உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு 2016இல் பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே நின்றுவிட்டது. 300 படுக்கை மருத்துவமனையில் மாதம் 13,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கல்விக் கடனுக்கு வட்டி மட்டுமே கட்டிவந்தேன். சவுதியில் செவிலியர் உரிமம் பெறுவதற்கான பிராமெட்ரிக் தேர்வு எழுதி, சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து, இங்கே வந்தேன்.

சென்ற ஆண்டு ஊரில் அம்மாவுக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடந்தது. வீடியோ அழைப்பில் பேசியபோது, சிஸ்டர் கூப்பிட்டால் உடனே வருவதில்லை என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார். அந்தப் பெண் கையில் பி.பி. கருவியோடு படுக்கைக்குப் பின்னால் ஓடியதை நானே திரையில் பார்த்தேன். வலி பொறுக்க முடியாவிட்டால் மட்டும் கூப்பிடுங்கள் அம்மா என்றேன்.