டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகரத்து சல்சா நடன விழாவுக்குத் தனியாகப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

பொங்கோல்_தோழி:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்து வகுப்பில் தொடங்கிய சல்சா இன்று என் வாழ்க்கையில் பெரிய இடத்தைப் பிடித்துவிட்டது. முதலில் ஒன்றாம் எண்ணிக்கையில் திசை மாற்றும் ஆன் ஒன் கற்றேன், அப்புறம் இரண்டில் மாற்றும் நியூயார்க் பாணி ஆன் டூ. இங்கே நடக்கும் சோஷியல் என்ற ஆட்டக் கூடல்களுக்கு விடாமல் போவேன், கோலாலம்பூர், பேங்காக்கில் நடந்த காங்கிரஸ் என்ற பெரிய சல்சா மாநாடுகளுக்கும் போய் வந்திருக்கிறேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் கற்ற ஆட்டம் முழுக்கக் கண்ணாடி வைத்த ஸ்டுடியோவில் கற்றது. பாட்டி முதல் பேரன் வரை வீட்டு விசேஷத்தில் இதை ஆடுகிற ஒரு ஊரில் போய் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருக்கிறது. அதனால் கொலம்பியாவின் காலிக்குப் போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். லீவும் கிடைத்துவிட்டது.

கேள்விகள் நிறைய. டிசம்பர் கடைசியில் நடக்கும் ஃபெரியா என்ற விழாவா, இல்லை அங்கேயே வேறு மாதத்தில் நடக்கும் உலக சல்சா விழாவா, எது எனக்குச் சரி? என் ஆன் டூ அங்கே எடுபடுமா? எனக்கு ஸ்பானிஷ் நாலு வார்த்தைதான் தெரியும், அசைவம் சாப்பிட மாட்டேன். எல்லாவற்றையும் விட, அம்மா கொலம்பியா என்று கேட்ட நாளிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

காத்தோங்_காற்று:

தோழி, நான் போய் வந்தவள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும், ஃபெரியா என்பது காங்கிரஸ் கிடையாது. கையில் அனுமதிப் பட்டை கட்டிக்கொண்டு, காலையில் பட்டறை, நள்ளிரவில் ஹோட்டல் ஹாலில் சோஷியல் என்ற ஒழுங்கு அங்கே இல்லை. அது அந்த ஊரின் திருவிழா. 1956 ஆகஸ்ட் 7ஆம் தேதி டைனமைட் ஏற்றி வந்த ராணுவ லாரிகள் நகரத்துக்குள் வெடித்து ஆயிரத்துக்கு மேல் உயிர்கள் போயின. அந்தத் துக்கத்திலிருந்து ஊரைத் தூக்கி நிறுத்துவதற்காக 1957இல் ஆரம்பித்த விழா இது. இன்றைக்கும் டிசம்பர் 25 முதல் 30 வரை நடக்கிறது. முதல் நாள் சல்சோத்ரோமோ என்ற ஊர்வலம், ஊரில் இருக்கிற சல்சா பள்ளிகள் எல்லாம் நெடுஞ்சாலையிலேயே ஆடிக்கொண்டு போகும். அதைப் பார்க்கும்போது சின்னப் பிள்ளைகளின் கால்களைக் கவனியுங்கள். நம் ஊர் வகுப்பில் உயர்நிலை என்று சொல்லித் தருகிற அடிகளைப் பத்து வயதுப் பிள்ளை வெயிலில் தார் ரோட்டில் சிரித்த முகத்தோடு போட்டுக்கொண்டு போகும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் சொல்கிற இன்னொன்று, உலக சல்சா விழா, 2006இல் தொடங்கியது, பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் பக்கம் வரும். அது போட்டி. மேடை ஆட்டத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குப் போகலாம். ஊர் ஜனங்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு ஃபெரியாதான்.

ஆன் டூ பற்றி. காலி பாணி வேறு. அறுபதுகளில் அங்கே நடன விடுதிகளில் 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்று வேகத்தில் ஓடவிடும் பழக்கம் வந்தது. மெதுவான பூகாலூ வகைப் பாட்டு கூடப் பறக்கும், அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கத்தான் அந்த ஊர்க் கால்வேலை வளர்ந்தது என்று சொல்வார்கள். பாரியோ ஒப்ரேரோ என்ற பழைய தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில் சின்னச் சின்ன சல்சா ஆட்ட விடுதிகள் உண்டு. அங்கே ஒரு பெரியவர் ஆடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோள் இரண்டும் அசையவே இல்லை, கையில் பெரிய சுழற்றல் எதுவும் கிடையாது, முழங்காலுக்குக் கீழேதான் அத்தனையும் நடந்தது. பாட்டில் ட்ரம்பெட் வெட்டுகிற இடத்தில் கால் நிற்கும், பியானோ ஓடுகிற இடத்தில் குதிகாலும் விரலும் மாறி மாறித் தரையைத் தொடும். எண்ணிக்கை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. உங்கள் ஆன் டூ வீண் போகாது, தாளம் பிடிக்கத் தெரிந்தவருக்கு எங்கேயும் மரியாதை உண்டு. ஆனால் சுழற்றல் வரிசைகளை மனப்பாடமாக எடுத்துக்கொண்டு போய் அங்கே இறக்கப் பார்க்காதீர்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே போய்ப் பள்ளி ஒன்றில் தனி வகுப்பு எடுங்கள். 24 இரவு குடும்பத்தோடு இருக்கிற நேரம், அதற்குள் வகுப்புகளை முடித்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பச்சை வாழைக்காயை நசுக்கிப் பொரித்த பதக்கோன், சோள மாவு அரேபா, பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட பான்தேபோனோ, சோறும் பீன்ஸும் எங்கும் கிடைக்கும். பீன்ஸில் பன்றி இறைச்சி போட்டிருப்பார்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சோலாதோ என்று ஒன்று விற்பார்கள், நம் ஊரில் துருவிய ஐஸில் செய்கிற ஐஸ் கச்சாங்கின் பழம் நிறைந்த அக்கா மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கு: பயம் நியாயமானதுதான், மா. அந்த நாட்டில் வழிப்பறி உண்டு, அதை மறைக்க மாட்டேன். தெருவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாது. இரவில் ரோட்டில் போகிற டாக்சியைக் கை காட்டி நிறுத்தக் கூடாது, செயலியில் அழைக்க வேண்டும் அல்லது விடுதியில் சொல்லி அழைக்க வேண்டும். பானத்தில் மயக்க மருந்து கலப்பது அங்கே தெரிந்த விஷயம், அதனால் கண் முன்னால் திறந்த பாட்டிலைத் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது, மேசையில் விட்டுவிட்டு ஆடப் போய் வந்தால் அதைத் தொடவே கூடாது. இதையெல்லாம் கடைப்பிடித்த பெண்கள் நிறைய பேர் போய் ஆடிவிட்டு வந்திருக்கிறார்கள், நானும் ஒருத்தி. தோழி, தினமும் ஒரு தடவை அம்மாவுக்கு அழையுங்கள், அங்கே நமக்கு 13 மணி நேரம் பின்னால், உங்கள் காலை எட்டு மணி அவர்களுக்கு இரவு ஒன்பது.

தாளப்பித்தன்:

அக்கா மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் ஆடுகிறவன் இல்லை, வாசிக்கிறவன். சிறு வயதில் மிருதங்கம், இப்போது இங்கே ஒரு லத்தீன் குழுவில் கொங்கா, கையால் தட்டுகிற நெட்டை மேளம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். போவதற்கு முன் இருக்கிற மாதங்களில் புது அடி கற்பதைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

கிளாவேயில் ஆரம்பியுங்கள், மொத்தப் பாட்டையும் தாங்குகிற அடிப்படைத் தாளம் அது. உங்கள் எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்து அடி, ஒரு பாதியில் மூன்று, மறு பாதியில் இரண்டு. பாட்டுக்குப் பாட்டு மூன்று முதலில் வரும் அல்லது இரண்டு முதலில் வரும். அப்புறம் கொங்கா. 2லும் 6லும் பளிச்சென்று கையால் ஒரு அறை, 4லும் 8லும் திறந்த அடி. ஆன் டூ ஆடுகிறவருக்கு அந்த அறைதான் வீடு. பேஸ் கிட்டாரைக் கேளுங்கள், சமத்தில், அதாவது முதல் அடியில், அநேகமாக விழாது, முன்னாலேயே வந்து நிற்கும். ஆதி தாளத்தில் பழகிய காதுக்கு இது முதலில் தடுமாற்றம் தரும், பிடிபட்டால் விடவே விடாது. கடைசியாக டிம்பாலஸ் என்ற உலோக இரட்டை மேளம் வாசிப்பவரைக் கவனியுங்கள். பாட்டின் முதல் பகுதியில் தோலை அதிகம் தொடாமல் உலோகப் பக்கவாட்டிலேயே தட்டிக்கொண்டிருப்பார். பின்பாட்டுக்காரர்கள் பதில் பாட ஆரம்பித்ததும் மேளத்தோடு இருக்கிற மணியைத் தட்டத் தொடங்குவார், பக்கத்தில் இருக்கிற போங்கோக்காரரும் சின்ன இரட்டை மேளமான போங்கோவை விட்டுவிட்டுக் கைமணியை எடுப்பார். அந்த நொடியில் மொத்தக் கூட்டமும் எழும். காலியில் யாரும் சொல்லித் தராமலே எல்லார் காலும் அந்த இடத்தில் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இன்னொன்றைத் தவற விடவே கூடாது. ஃபெரியா நடக்கும்போது மெலோமனோக்கள் என்ற தீவிர இசை ரசிகர்களும் இசைத்தட்டு சேகரிப்பவர்களும் கூடுகிற சந்திப்பு ஒன்று உண்டு. பசிபிக் கரையில் இருக்கிற புவெனவென்துரா துறைமுகம் வழியாகக் கப்பல்காரர்கள் கொண்டுவந்த தட்டுகளால் வளர்ந்த ஊர் அது. நியூயார்க், கியூபா, போர்ட்டோ ரிக்கோ இசையை மலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தன்னுடையதாக்கிக்கொண்ட ஊர். 1968 ஃபெரியாவுக்கு சல்சா இசை இரட்டையர் ரிச்சி ரேயும் பாபி க்ரூஸும் வந்து வாசித்ததை இன்னும் பேசுகிறார்கள். இந்தச் சந்திப்பில் வயதானவர்கள் அரிய தட்டுகளைப் போட, பார்க்க வந்தவர்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்த மணியையும் சுரண்டு வாத்தியத்தையும் வைத்துக் கூடவே வாசிப்பார்கள். தட்டில் இருக்கிற மணியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் மணி ஒரு இழை பிசகாமல் சேரும். பெரிய மேடைக் கச்சேரிகளைவிட எனக்கு இதுதான் ஒசத்தி.

க்ருப்போ நீச்சே என்ற சல்சா இசைக்குழுவை நிறுவிய ஹைரோ வரேலா பெயரில் நகர நடுவில் ஒரு சதுக்கம் இருக்கிறது. ராட்சத ட்ரம்பெட் சிற்பம் நிற்கும், அதன் வாய்க்குக் கீழே போய் நின்று காது கொடுங்கள். பக்கத்திலேயே அருங்காட்சியகம்.

ஜூரோங்_அண்ணாச்சி:

ஆட்டம் பாட்டம் எனக்குத் தெரியாது, வேலை விஷயமாகத் தென் அமெரிக்கா போய் வருகிறவன், காகித வேலையை மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை, 90 நாள் வரை இருக்கலாம். இதைப் படிக்கிற இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நிரந்தரவாசித் தம்பி தங்கைகளுக்கு விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது ஷெங்கன் விசா கையில் இருந்தால் விலக்கு உண்டு, அதன் நிபந்தனைகளைத் தூதரகத்தில் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள். செக்மிக் என்ற குடிநுழைவுப் படிவத்தை விமானம் ஏறுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் காசே கிடையாது. காசு கேட்கிற தளம் போலி.

அமெரிக்கா வழியாகப் போனால் வெறும் இடைநிறுத்தமாக இருந்தாலும் எஸ்டா என்ற இணைய முன்அனுமதி வேண்டும். மேட்ரிட், இஸ்தான்புல் வழியில் போகோத்தா போய் உள்நாட்டு விமானம் பிடிப்பது எனக்கு வசதியாகப் பட்டது. எப்படிப் போனாலும் ஒன்றரை நாள் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. நாம் திரும்பி வருகிறபோது சிங்கப்பூரிலேயே கேட்பார்கள். கொலம்பியா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருக்கிறது, சான்றிதழ் இல்லாமல் ஆறு நாளுக்குள் இங்கே வந்து இறங்கினால் குடிமக்களையும் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். எல்லா கிளினிக்கிலும் போட மாட்டார்கள், அங்கீகாரம் பெற்ற இடத்தில் முன்பதிவு செய்யுங்கள். வெளியுறவு அமைச்சின் தளத்தில் பயணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். சிங்கப்பூர் வெள்ளியை அங்கே மாற்றுவது கஷ்டம், அமெரிக்க டாலர் கொஞ்சம் எடுத்துப் போங்கள்.

ஈசூன்_இரவல்:

மாற்று யோசனை ஒன்று. கூட்டம், தெரு, இரவு என்று அம்மா கவலைப்பட்டால் போர்ட்டோ ரிக்கோவையும் யோசிக்கலாம். மார்ச் மாதத்தில் சான் ஹுவானில் தேசிய சல்சா தினம் என்று ஒரு வானொலி நிலையம் நடத்துகிறது, 1984 முதல். பேஸ்பால் மைதானத்தில் பகல் தொடங்கி இரவு வரை பெரிய பெரிய குழுக்கள் நேரடியாக வாசிக்கும், ஒரே நாளில் முடிந்துவிடும். ஆங்கிலமும் ஓரளவு ஓடும். அமெரிக்க நிலப்பகுதி என்பதால் எஸ்டா போதும்.

பொங்கோல்_தோழி:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவுக்கு அக்கா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். பாட்டில் விஷயத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார், அப்புறம் அந்த ஊரில் குளிருமா, ஸ்வெட்டர் வேண்டுமா என்று கேட்டார். அது சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். போர்ட்டோ ரிக்கோ இன்னொரு வருடத்துக்கு இருக்கட்டும். தடுப்பூசிக்கு முன்பதிவு செய்துவிட்டேன். தாளப்பித்தன் அண்ணே, நேற்று எம்ஆர்டி ரயிலில் வரும்போது அந்த 2, 6 அறையை மட்டும் தேடிக் கேட்டுக்கொண்டு வந்தேன், பழைய பாட்டுகளே வேறு பாட்டு மாதிரி இருக்கின்றன.

அக்கா, கடைசியாக இரண்டு கேள்வி. அங்கே ஆட அழைப்பது எப்படி? நான் போய்க் கேட்கலாமா? ஆட்டச் செருப்பு எது எடுத்துப் போவது?

காத்தோங்_காற்று:

குளிராது, மா. காலி கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம், பகலில் நம் ஊர் வெயில்தான், புழுக்கம் குறைவு, சாயந்திரம் மலைக்காற்று வீசும். போகோத்தாவில் இறங்கி நின்றால்தான் ஸ்வெட்டர் தேவைப்படும், அது 2600 மீட்டர்.

தாராளமாக நீங்களே அழைக்கலாம். கண்ணைப் பார்த்துக் கையை நீட்டினால் போதும், வேண்டாமென்றால் சிரித்துத் தலையாட்டுவார்கள், யாரும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரு குழுவாக மேசையில் உட்கார்ந்திருந்தால் கூட இருப்பவர்களுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அழையுங்கள். பிடிக்காத பிடியாக இருந்தால் பாட்டு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, நன்றி சொல்லிவிட்டு நடந்து வந்துவிடுங்கள்.

அடியில் மெல்லிய தோல் ஒட்டிய ஸ்டுடியோ செருப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அங்கே பாதி இடம் சிமெண்ட், பாதி இடம் டைல்ஸ், அதன் மேல் யாராவது பீர் கொட்டியிருப்பார்கள். அடி வழுவழுப்பாகத் தேய்ந்த கான்வாஸ் ஷூ ஒன்று எடுத்துப் போங்கள். ஹீல்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால் சின்ன உயரத்தில் ஒரு ஜோடி அங்கேயே வாங்கலாம், ஆட்டச் செருப்பு தைக்கிறவர்கள் அந்த ஊரில் நிறைய, காலை அளந்து தைத்துத் தருவார்கள். முதல் நாளே போய் அளவு கொடுத்துவிடுங்கள், 24க்கு மேல் கடை திறந்திருக்கும் என்று நம்ப முடியாது.