தவக்காலக் காணிக்கை: மணிக்கூண்டு நிதியிலிருந்து எடுக்கலாமா? உதவியை மேடையில் வழங்கலாமா?

கேள்வி: கடற்கரைப் பங்கு, பேரவை உறுப்பினர்

இயேசுவுக்கே புகழ். சாம்பல் புதன் மறையுரையில் எங்கள் பங்குத்தந்தை, இந்த ஆண்டு தவக்காலக் காணிக்கையைத் தாராளமாகத் தருமாறும், ஒவ்வோர் அன்பியமும் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) தன் எல்லைக்குள் துன்பப்படும் குடும்பங்களை, அவர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், தேடிச் சென்று பார்க்குமாறும் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகில் கூலிக்குச் செல்வோரின் வீடுகளில் அடுப்பெரிவதே சிரமம். அரசின் நிவாரணத் தொகை கைக்கு வருவதற்குள் பலர் வட்டிக்கு வாங்கிவிடுகிறார்கள்.

அழைப்பை எல்லோரும் மனமுவந்து ஏற்றுக்கொண்டோம். ஆனால், மணிக்கூண்டுக்கென்று வாங்கிய நன்கொடை வங்கியில் இருக்கும்போது அதிலிருந்து எடுத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். உதவி பெறுவோரைத் திருப்பலி முடிவில் பெயர் சொல்லி அழைத்துப் பீடத்தின் முன் பைகளை வழங்கினால், கொடுப்பவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இந்த இரண்டாவது யோசனையை என் மனம் ஏற்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: பங்கு நிதிக்குழுவில் பணியாற்றியவர்

மணிக்கூண்டுப் பணத்தைத் தொடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1267ஆம் எண் தெளிவாகக் கூறுகிறது. தடைக்கால உதவிக்குத் தனிக் கணக்கு தொடங்கி, மக்களிடம் புதிதாகக் கேளுங்கள். எவ்வளவு வந்தது, அரிசிக்கும் மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் எவ்வளவு போனது என்பதை, பெற்றவர்களின் பெயர் இல்லாமல், ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் (எண் 1287) உள்ளதுதான்.

பதில் 2: வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு எங்கள் சபையின் தொடக்கமே விடை சொல்லும். 1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று, பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் கூடி இந்தச் சபையைத் தொடங்கினார்கள். அன்று ஓசானாமுக்கு வயது 20. அருள்சகோதரி ரோசலி ரெந்து அந்த இளைஞர்களுக்கு வழிகாட்டி, ஏழைகளின் வீடுகளுக்கே அவர்களை அனுப்பிவைத்தார். ஏழைகளைத் தங்களிடம் வரவழைக்காமல் தாங்களே அவர்களிடம் போவது என்னும் அந்த வழக்கம் இன்றுவரை எங்கள் பணியின் உயிர்நாடியாக இருக்கிறது.

நாங்கள் எப்போதும் இருவராகவே செல்கிறோம். வீட்டார் உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதை முதலில் கேட்கிறோம். அரிசிப் பையோடு போன வீட்டில் உண்மையான தேவை சர்க்கரை நோய்க்கான மாத்திரையாகவோ, விண்ணப்பிக்கத் தெரியாமல் கிடக்கும் விதவை ஓய்வூதியமாகவோ, குடும்ப அட்டையில் விடுபட்ட ஒரு பெயராகவோ இருக்கும். ஆலய வாசலில் பை கொடுத்து அனுப்பிவிட்டால் இவற்றில் ஒன்றும் நமக்குத் தெரியவராது. ஒருமுறை கொடுத்ததோடு நிறுத்தாமல், மறுபடியும் போக வேண்டும். மூன்றாம் முறை போகும்போதுதான் கடன் எவ்வளவு என்பதையே சிலர் வாய்திறந்து சொல்கிறார்கள். நிழற்படம் எடுப்பதில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் சொன்னது (மத்தேயு 6:3) தருமம் செய்வதைக் குறித்துத்தான் அல்லவா?

பதில் 3: தடைக்காலத்தில் உதவி பெற்ற குடும்பத்துப் பெண்

பெயர் சொல்லி அழைத்தால் வரிசையில் என் மகளும் நிற்க வேண்டும். அவளோடு மறைக்கல்வி வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் அன்பியத்து அக்கா இருவர் இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டு, என் மாமியாரோடு செபமாலை சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த உதவியை வாங்குவதில் எனக்குக் கூச்சம் இருக்கவில்லை.

பதில் 4: திருநெல்வேலி, சி.எஸ்.ஐ. சபை உறுப்பினர்

சகோதரி எழுதியதைப் படித்தபின் மேடை வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என நம்புகிறேன். கொடுப்பவர்களை ஊக்கப்படுத்த வேறு வழி இருக்கிறது: ஏழைகளையும் கொடுக்க அழையுங்கள். எருசலேம் சபைக்காகப் பவுல் காணிக்கை சேர்த்தபோது, கொடிய வறுமையில் இருந்த மக்கெதோனியா சபையார்தாம் தங்களுக்கும் அதில் பங்கு வேண்டும் என்று வருந்திக் கேட்டார்கள் (2 கொரிந்தியர் 8). மிசோரமில் சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் திருச்சபைக்கென்று எடுத்து வைக்கும் வழக்கம் 1910 முதல் நடந்துவருகிறது. உங்கள் கடற்கரையில் மீன்பாட்டில், அதாவது பிடித்துவரும் மீனில், ஒரு பகுதியை ஆலயத்துக்குத் தரும் பழக்கம் இருக்குமே. அதில் சிறிதளவைத் தடைக்காலத்துக்கென்று இப்போதிருந்தே ஒதுக்கச் சொல்லலாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தனிக் கணக்கு, வீடு தேடிச் செல்வது, மீன்பாட்டில் ஒரு பகுதி ஆகிய மூன்றையும் ஞாயிறு பேரவைக் கூட்டத்தில் முன்வைக்கிறேன். இன்னும் ஓர் ஐயம். ஐஸ் கம்பெனியில் வேலை செய்யும் வடமாநிலக் குடும்பங்கள் எந்த அன்பியத்திலும் இல்லை. அவர்களை யார் சென்று பார்ப்பது?

பதில் 2 எழுதியவர்

தாய்நாட்டை விட்டு வந்தவர்களையும் தனித்திருப்பவர்களையும் பங்குத்தந்தை சிறப்பு அக்கறையோடு தேட வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 529 சொல்வது இவர்களுக்கும் பொருந்தும். அன்பியப் பதிவேட்டை வைத்து வீடுகளைப் பிரிக்காமல் தெருவாரியாகப் பிரித்தால், அவர்கள் குடியிருக்கும் தெருவுக்குப் பொறுப்பான இருவர் அங்கேயும் போவார்கள். இந்தி தெரிந்த அருள்சகோதரி ஒருவர் முதல்முறை உடன் வந்தால் நல்லது.