கல்லூரி விண்ணப்பத்தில் கற்றல் குறைபாட்டைக் குறிப்பிடலாமா?

காசிமேட்டு அம்மா:
டிஸ்லெக்சியா என்ற, வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுத்தும் கற்றல் குறைபாடு உள்ள என் மகன், சொல்வதை எழுதுபவரின் துணையோடும் கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரத்தோடும் பிளஸ் டூ தேர்வை எழுதித் தேறிவிட்டான். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் தண்டையார்பேட்டையில் ஒரு கணினி மையத்துக்குப் போனோம். 'மாற்றுத்திறனாளியா?' என்ற கேள்வி திரையில் வந்ததும் அவன் என் கையைப் பிடித்து, "இல்லைன்னு போடும்மா" என்றான். முடிக்காமலே திரும்பிவிட்டோம். சான்றிதழ் கையில் இருக்கிறது. மறைக்கலாமா?

ராயபுரத்தான்:
சகோதரி, பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். ஒரு தனியார் கல்லூரியில் என் மகளைச் சேர்த்தபோது நாங்கள் எதையும் மறைக்கவில்லை. முதல் வாரத்திலேயே ஓர் ஆசிரியர், "உனக்குத்தான் படிக்க வராதாமே" என்று வகுப்பே கேட்கும்படி சொல்லியிருக்கிறார். ஒரே வருடத்தில் படிப்பை நிறுத்திவிட்டாள். வடசென்னை முகவரியைப் பார்த்ததுமே நம் பிள்ளைகளை எடைபோடுகிறவர்கள் இருக்கும்போது, இன்னொரு முத்திரையை நாமே ஏன் குத்திக்கொள்ள வேண்டும்?

வியாசர்பாடி ஆசிரியை:
ஐயா, உங்கள் மகளுக்கு நடந்தது அநியாயம். ஆனாலும் மறைப்பதை நான் ஏற்க மாட்டேன். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 விழுக்காடு இடம் ஒதுக்க வேண்டும் என்று அதன் 32ஆவது பிரிவு சொல்கிறது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பருவத்தேர்வு. மறைத்துச் சேர்ந்த மாணவன் ஒருவன், தேர்வு அறைக்கு வெளியே ஒரு பாடம் முழுவதையும் தடுமாறாமல் என்னிடம் சொன்னான். மூன்று மணி நேரத்தில் அவன் எழுதியிருந்தது ஒன்றரைப் பக்கம், அதிலும் பாதி அடித்தல். சான்றிதழைக் கொடுத்திருந்தால் எழுதுவதற்கு ஆளும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கேட்டிருக்கலாம்.

ராயபுரத்தான்:
சட்டம் வகுப்பறைக்குள் வந்து உட்காராது. சான்றிதழில் 40க்குக் குறைவாகப் போட்டிருந்தால் ஒதுக்கீடும் இல்லை, பெயர் மட்டும்தான் கெடும்.

வியாசர்பாடி ஆசிரியை:
ஒதுக்கீடு கிடைக்காது, உண்மை. ஆனால் எழுதும்போது கைத்தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும் நோயுள்ள ஒருவரின் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், எழுதுபவரின் துணையைப் பெற 40 விழுக்காடு கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்தது. வகுப்பறையைப் பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சான்றிதழ் அலுவலகத்துக்கும் தேர்வுப் பிரிவுக்கும் போனால் போதும். அதை வகுப்பில் பேச எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை. மீறினால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். நண்பர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது பிள்ளையின் விருப்பம்.

காசிமேட்டு அம்மா:
இதையெல்லாம் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆபீஸுக்கு மட்டும்னா சரிம்மா, கிளாஸ்ல யாருக்கும் தெரியக் கூடாது" என்கிறான். நாளைக் காலையில் மறுபடியும் போகிறோம்.

ராயபுரத்தான்:
எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். என் மகளுக்கு இப்போது 20 வயது. மறுபடியும் சேர முடியுமா?

வியாசர்பாடி ஆசிரியை:
தாராளமாக. வயது வரம்பு இருக்கும் இடங்களிலும் 5 ஆண்டு தளர்வை அதே 32ஆவது பிரிவு தருகிறது. சான்றிதழைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

ராயபுரத்தான்:
பீரோவில் இருக்கிறது. அவளைக் கேட்காமல் இம்முறை வெளியே எடுக்க மாட்டேன்.