அம்பாசிடருக்கு நாலு சக்கர இழுவை: ஜிப்ஸி சாமான் பொருந்துமா?

ஒடுகத்தூர் மாங்கொல்லை:
வணக்கம். அப்பா ஓட்டிய 1994 அம்பாசிடர் என்னிடம் இருக்கிறது, டிஎன் 23, 1800 இசுஸு பெட்ரோல் எஞ்சின், அஞ்சு கியர். 2029 வரை எஃப்சி (தகுதிச் சான்று) இருக்கிறது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் கொல்லைக்குத் தார் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் மண் வழி, நடுவில் ஒரு கானாறு. ஐப்பசியில் நாலு மழை பெய்தால் போதும், கானாற்றுக் கரை ஏறுகிற இடத்தில் பின்பக்க இடது சக்கரம் மட்டும் சுற்றிக் குழி பறிக்கும், வலது சக்கரம் அசையாமல் வேடிக்கை பார்க்கும். போன மழைக்கு இரண்டு தடவை டிராக்டர் வைத்து இழுத்தேன். இப்போது காயலான் கடையில் மாருதி ஜிப்ஸி ஜீப்பின் முன் ஆக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) சேர்த்தே கிடைக்கிறது, லேத்காரர் ரெண்டு வாரத்தில் மாட்டிவிடலாம் என்கிறார். செய்யலாமா? ஜீப் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வீட்டில் தினமும் கேட்கிறேன்.

காட்பாடி கிரௌன்பினியன்:
தம்பி, லேத்காரர் டிரான்ஸ்ஃபர் கேஸை மட்டும் நினைத்துச் சொல்லியிருப்பார். ஜிப்ஸியில் அது கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்கும், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட், அதனால் எந்த வண்டிக்குக் கீழேயும் ஒரு கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) அடித்து மாட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பெட்டி ஹையில், அதாவது வேகமாக ஓட்டுகிற நிலையில் போட்டாலும் சுற்றை 1க்கு 1 கொடுக்காது, 1300 ஜிப்ஸியில் 1.4 அளவுக்குக் குறைத்துத்தான் அனுப்பும். அம்பாசிடர் பின் ஆக்ஸிலை அப்படியே வைத்துக்கொண்டால் வேலூர் பைபாஸில் அறுபதிலேயே எஞ்சின் கத்தும். அதுமட்டுமில்லை, முன் கிரௌன் பினியனும் (ஆக்ஸில் நடுவில் உள்ள பல்சக்கர ஜோடி) பின் கிரௌன் பினியனும் ஒரே கணக்கில் இருக்கணும். பல் கணக்கு மாறினால் காய்ந்த தாரில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஷாஃப்ட் முறுக்கேறி எங்கேயாவது உடையும். அப்போ ஜிப்ஸி பின் ஆக்ஸிலும் வேணும், அதன் அகலம் வேற.

இதெல்லாம் கூடச் செய்துவிடலாம். முன்பக்கம்தான் சிக்கல். அம்பாசிடர் முன்னால் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக முறுக்கிக்கொள்ளும் கம்பி), இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும். ஜிப்ஸி ஆக்ஸில் ஒரே கட்டை, பட்டா (லீஃப் ஸ்பிரிங்) மேல் உட்காரும். அந்தக் கட்டை மேலும் கீழும் ஆட இடம் வேண்டும், அந்த இடத்தில் எஞ்சின் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருக்கிறது. எஞ்சினை ஏற்றினால் பானட் மூடாது, பாடியை ஏற்றினால் மலை வளைவில் சாயும். ஸ்டீயரிங்கும் ரேக் அண்ட் பினியன், கட்டை ஆக்ஸிலுக்கு அது ஒத்துவராது, பெட்டி ஸ்டீயரிங் மாற்றணும். பட்டா மாட்ட சேஸி கிடையாது, தகரத்தில் பெட்டி அடித்து வெல்டு வைக்கணும்.

முடியவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். சோவியத்தில் 1955ல் போபெடா காரின் பாடியைப் பலப்படுத்தி அடியில் காஸ்-69 ஜீப் சாமானைப் போட்டு எம்-72 என்று ஒரு வண்டியே விட்டார்கள். ஆனா அது ஃபேக்டரி வேலை தம்பி, பட்டறை வேலை இல்லை.

சத்துவாச்சாரி சார்:
எஃப்சி பற்றி யாரும் சொல்லவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52ன்படி கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆக்ஸில், ஸ்டீயரிங் எல்லாம் மாற்றிவிட்டு 2029ல் ஆர்டிஓ ஆபீஸில் நிற்க முடியுமா என்று யோசியுங்கள். அதற்கு முன்னால் ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கீழே குனிந்துதான் பார்ப்பார்.

பாலாத்து மணல்:
அண்ணே, உங்களுக்கு நாலு சக்கரமும் இழுக்க வேண்டாம், பின்னால் இரண்டும் இழுத்தால் போதும். ஒரு சக்கரம் வழுக்கினால் சாதா டிஃப்ரன்ஷியல் (இரண்டு பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கிற பல்சக்கரத் தொகுதி) அடுத்த சக்கரத்துக்கும் அதே அளவு சொற்ப முறுக்குதான் கொடுக்கும், அதனால்தான் வலது பக்கம் சும்மா நிற்கிறது. நான் பாலாற்று மணலில் பழைய பத்மினியை ஓட்டுகிறவன். இறங்கும் முன் டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்குக் குறைப்பேன், டிக்கியில் இரண்டு மூட்டை மணல். சுற்ற ஆரம்பித்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஹேண்ட் பிரேக்கை ரெண்டு பல் மட்டும் இழுங்கள். வெறுமனே சுற்றுகிற சக்கரத்துக்கு ஒரு எதிர்ப்பு கிடைக்கும், அந்த எதிர்ப்பின் அளவுக்கு அடுத்த பக்கத்துக்கும் முறுக்கு போகும். உங்கள் எஞ்சினுக்கு அது தாராளம். அப்புறம் பின் டயர் இரண்டும் மொட்டையாக இருந்தால் மேலே நான் எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு முதலில் டயர் மாற்றுங்கள்.

ஒடுகத்தூர் மாங்கொல்லை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கிரௌன்பினியன் அண்ணன் சொன்னது சரி, சம்ப்புக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவில் கையே நுழையவில்லை, ஆக்ஸில் எங்கே நுழையும்? ஜிப்ஸி சாமான் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன், அவர் முகம்தான் வாடிவிட்டது. இன்று காலை கானாற்றங்கரையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, காற்றைக் குறைத்து ஏற்றிப் பார்த்தேன். முதல் தடவை நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டு மெதுவாக விட்டதும் வலது சக்கரம் ஒரு உறுமு உறுமிக் கரை ஏறிவிட்டது, கொல்லையில் இருந்த ஆள் கைதட்டினார்.

இப்போ புதுப் பிரச்சினை. ஹேண்ட் பிரேக் எட்டுப் பல் இழுத்த பிறகுதான் பிடிக்கிறது, கேபிள் நீண்டுவிட்டது போல. வேலூரில் அம்பாசிடர் கேபிள் புதுசு எங்கே கிடைக்கும்?

காட்பாடி கிரௌன்பினியன்:
கேபிள் வாங்கும் முன்னால் பின் டிரம்மைக் கழற்றி பிரேக் லைனிங் பாருங்கள். தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் கடைசிப் பல்லுக்குப் போகும். அட்ஜஸ்டரைத் திருகி, சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசுகிற இடத்தில் நிறுத்துங்கள்.