காந்தம் ஒட்டுது, விண்கல்லா? வாலிநோக்கம் பக்கம் கிடைத்த கறுப்புக் கல்

உப்பளத்தான்: வாலிநோக்கம் உப்பள வரப்புல கிடந்தது. 640 கிராம், கறுப்பு, ஒரு பக்கம் ஊசித்துளை. ஸ்பீக்கர் காந்தம் கெட்டியா ஒட்டுது. மூணு நாள் முன்னாடி ராத்திரி வானத்துல வெளிச்சம் ஓடினதை ஊர்ல பலபேர் பார்த்திருக்காங்க. கழுவலாமாண்ணே?

கல்மாணி: கழுவாதீங்க தம்பி. விண்கல்லா இருந்தா உள்ளே இரும்பு-நிக்கல் மணிகள் இருக்கும், நம்ம கடற்காத்து உப்புக்கே துரு ஏறிடும். ஸ்பீக்கர் காந்தத்தையும் இனி வைக்காதீங்க, கல்லுல பதிஞ்ச பழைய காந்தத்தடம் அழிஞ்சிடும். திசைகாட்டி முள் அசையுதான்னு பார்த்தாலே போதும். ஒட்டுறது மட்டும் சாட்சி ஆகாது, பட்டறைக் கசடும் (இரும்பு உருக்கின கழிவு) ஒட்டும்.

டைல்ஸோட பின்பக்கச் சொரசொரப்புல தேய்ங்க. செங்காவிக் கோடுன்னா ஹேமடைட், கருஞ்சாம்பல்னா மேக்னடைட், ரெண்டும் பூமியோட இரும்புத் தாதுதான். கோடு விழலேன்னா மேல பார்க்கலாம்.

அடுத்து அடர்த்தி. டிஜிட்டல் தராசுல தண்ணிப் பாத்திரத்தை வச்சு டேர் (பூஜ்யம்) போடுங்க. கல்லை மெல்லிய பாலித்தீன்ல சுத்தி, நூல்ல கட்டி, அடி தொடாம முழுசா முக்குங்க. காட்டுற கிராம்தான் கல்லோட கன அளவு, கன செ.மீ. கணக்குல. 640-ஐ அதால வகுங்க. சாதாரண கோண்ட்ரைட் (அதிகமா விழற கல்வகை விண்கல்) 3.2 முதல் 3.8 வரை வரும், இரும்பு விண்கல் 7-க்கு மேல.

உப்பளத்தான்: கோடு மங்கின பழுப்பு. தராசு 310 காட்டுது. அப்ப 2.06தானே?

கல்மாணி: பைக்குள்ள காத்து நிக்குது. தண்ணிக்குள்ள இறக்கிக்கிட்டே வாயை இறுக்குங்க, காத்து தானா வெளியேறிடும்.

உப்பளத்தான்: இப்ப 246. அடர்த்தி 2.6.

வானம்பார்த்தான்: குறைச்சல்தான். 120-ஆம் நம்பர் எமரித்தாள்ல ஒரு மூலையைப் பட்டாணி அளவுக்குத் தேய்ங்க. வெள்ளிமணி மாதிரி மின்னுதா, உள்ளேயும் துளையா?

உப்பளத்தான்: மின்னல. உள்ளே முழுக்கத் துளை.

வானம்பார்த்தான்: அப்ப கசடுதான். விண்கல் மேல கட்டைவிரல் அமுக்கின மாதிரி பள்ளமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கறுப்புத் தோலும் இருக்கும், ஊசித்துளை அநேகமா இருக்காது.

ஆனா அந்த வெளிச்சத்தை விட்டுடாதீங்க. ஏர்வாடி, சாயல்குடி ரெண்டு பக்கமும் சிசிடிவி பதிவு கேளுங்க, ஒரே விநாடியில ரெண்டு பக்கமும் வெளிச்சம் தெரிஞ்ச திசைக்கோடு வெட்டுற இடத்துக்கு மேலதான் பாதை. 90 விநாடி கழிச்சு இடிச்சத்தம் கேட்டிருந்தா ஏறத்தாழ 30 கி.மீ. தூரம். சத்தமே இல்லேன்னா கல் தரைக்கு வந்திருக்க வாய்ப்பு குறைவு. தெற்கே போய் அணைஞ்சிருந்தா மன்னார் வளைகுடாதான், தேடி அலைய வேண்டாம்.

நிலத்துல விழுந்திருந்தா சிதறல் நீள்வட்டமா இருக்கும், பெரிய துண்டு பாதை போற திசையில கடைசி முனைப் பக்கம் கிடக்கும். 2008 செப்டம்பர் 12-ல சூளகிரியில விழுந்தது பல துண்டா, மொத்தம் சுமார் 110 கிலோ. எடுக்கும் முன்னாடி ஸ்கேல் வச்சு போட்டோ, ஜிபிஎஸ், குழி ஆழம் குறிங்க. வெறுங்கையால தொடாம அலுமினியத் தாள்ல சுத்தி, சிலிகா ஜெல்லோட காத்துப்புகாத டப்பாவுல வையுங்க. வட்டாட்சியர்கிட்ட சொன்னா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தகவல் போகும்.